78லிருந்து 69.5 வரைக்கும் இறங்குச்சு, அஞ்சு வாரமா அங்கயே நிக்குது: சாப்பாட்டைக் குறைக்கோணுமா, நடையைக் கூட்டோணுமா?

ஊத்துக்குளி_ரோடு கேட்டது:

வணக்கமுங்க. பெண், வயசு 38, உயரம் 158 செ.மீ. ஜனவரிக் கடைசியில 78 கிலோ. ஜூன் நடுவுல 69.5. அதுக்கப்புறம் அஞ்சு வாரமா 69.2, 70.1, 69.6னு அதே எடத்துல சுத்துது. திருப்பூர்ல பனியன் கம்பெனி ஆபீஸ், உக்காந்தே பாக்கற வேலை. காலையில 45 நிமிசம் நடை, ஒரு நாளும் விடறதில்லை.

காலையில 3 இட்லி, தேங்காச் சட்னி. 11 மணிக்கு ஒரு டீ. மத்தியானம் ஒரு கப் சோறு, பொரியல், ரசம், மோரு; வாரத்துல ரெண்டு நாள் அரிசிம்பருப்புச் சோறு. பொழுதோட ஒரு டீ, ஒரு கை கடலைக்காய். ராத்திரி ரெண்டு ராகி தோசை, இல்லீனா சந்தகை. ஞாயித்துக்கிழமை கோழி. ஆப்ல போட்டா 1,200 கலோரி காட்டுது. சர்க்கரை, பிரஷர் இல்லீங்க. தைராய்டு ரெண்டு வருசம் முந்தி பாத்தது, சரியா இருந்துச்சு.

1,000 கலோரிக்கு இறங்கலாமா? நடையை 90 நிமிசம் ஆக்கலாமா? இல்ல, அரிசியை விட்டுட்டு முழுசா சிறுதானியத்துக்கு மாறோணுமா? வீட்டுல நாலு பேரு, ஒரே அடுப்பு, ஒரே சமையல். எனக்குன்னு தனியா ஆக்க முடியாதுங்க.

தராசுத்தட்டு எழுதியது:

1,000க்கு இறங்க வேண்டாம். அதுக்கு முன்னாடி இந்த 1,200 நிஜமாவே 1,200தானான்னு பார்க்கணும். ஏன்னா கணக்கு உதைக்குது.

சும்மா படுத்திருந்தாலே உடம்பு செலவழிக்கிற கலோரிக்கு மிஃப்லின்–செயின்ட் ஜியோர்னு 1990ல வந்த சூத்திரம் ஒண்ணு இருக்கு. எடையை 10ஆல பெருக்கி, உயரத்தை 6.25ஆல பெருக்கி, ரெண்டையும் கூட்டுங்க. அதுல வயசோட அஞ்சு மடங்கைக் கழிச்சு, பெண்ணா இருந்தா இன்னும் 161 கழிக்கணும் (ஆணா இருந்தா 5 கூட்டணும்). 78 கிலோவுல உங்களுக்கு 1,416 வந்தது, இப்ப 1,331. உட்கார்ற வேலையும் ஒரு நடையும்னா 1.4ஆல பெருக்கலாம்: அப்ப 1,980, இப்ப 1,860. எட்டரை கிலோ இறங்கினதுல தினச் செலவு 120 கலோரி குறைஞ்சிருக்கு. சின்ன உடம்பைத் தூக்கிட்டு நடக்கச் சின்னச் செலவு போதும், அவ்வளவுதான்.

இது போக உடம்பு தானாவும் கொஞ்சம் சிக்கனம் பிடிக்கும். அமெரிக்க டிவி எடைக்குறைப்புப் போட்டி ஒண்ணுல கலந்துகிட்ட 14 பேரை ஆறு வருசம் கழிச்சு அளந்து 2016ல வெளியிட்டாங்க. அவங்க எடைக்கு எதிர்பார்த்ததைவிட நாளுக்குச் சராசரி 500 கலோரி குறைவா செலவாச்சு. ஆனா அது கொஞ்ச மாசத்துல மலையளவு குறைச்ச கூட்டம். வாரம் 400 கிராம்னு நிதானமா இறங்கின நீங்க அதைப் படிச்சுட்டு "என் மெட்டபாலிசம் செத்துப்போச்சு"ன்னு நினைக்க வேண்டியதில்லை.

இப்ப உதைக்கிற இடத்துக்கு வாங்க. செலவு 1,860, சாப்பாடு 1,200னா தினம் 660 துண்டு விழுது. 35 நாளுக்கு 23,100. ஒரு கிலோ கொழுப்புக்கு 7,700ன்னு வச்சா மூணு கிலோ போயிருக்கணும். போகலை. ஒண்ணு, தண்ணி கோத்து மறைக்குது. இல்லை, 1,200 தப்பு. தண்ணி அஞ்சு வாரம் தொடர்ந்து மூணு கிலோவை மறைக்காது.

1992ல இதே பிரச்சனையை அமெரிக்காவுல அளந்து பார்த்தாங்க. 1,200க்குக் கீழே சாப்பிட்டும் குறையலைன்னு வந்தவங்க அவங்க. அளந்தா, சாப்பிட்டதுல 47 சதவீதம் குறிப்புல வரவே இல்லை. உடற்பயிற்சியை 51 சதவீதம் கூட்டிச் சொல்லியிருந்தாங்க. அவங்க யாரும் வேணும்னு பொய் சொல்லலை. கண்ணளவு அப்படித்தான் ஏமாத்தும். அதுவும் நம்ம சமையல்ல கண்ணுக்குத் தெரியாம போறது எண்ணெயும் தேங்காயும்.

அதுக்கு ஒரு வழி. கிச்சன் தராசு ஒண்ணு வாங்குங்க. ஞாயிறு காலை அடுப்பு பத்த வைக்கறதுக்கு முன்னாடி, வீட்டுல இருக்கிற எண்ணெய்த் தூக்கு, நெய் டப்பா எல்லாத்தையும் மூடியோட தராசுல வச்சு எழுதிக்கங்க. வாரம் முழுக்க எப்பவும் போல சமைங்க, யாரையும் மிரட்டாதீங்க. நடுவுல பாக்கெட் வாங்கி ஊத்தினா அதையும் கூட்டிக்கங்க. அடுத்த ஞாயிறு அதே நேரம் மறுபடி எடை. வித்தியாசத்தை 28ஆல வகுங்க (நாலு பேர், ஏழு நாள்). வர்ற கிராமை 9ஆல பெருக்கினா ஒரு ஆளோட தினக் கலோரி. மாசம் 3 லிட்டர் வாங்கற வீட்டுல ஒரு ஆளுக்கு நாளுக்குச் சுமார் 23 கிராம், 205 கலோரி. ஆப்ல "ஒரு ஸ்பூன்"னு போட்டா அது 45. பலகாரம் சுட்டு மீந்த எண்ணெயைத் தனிப் பாத்திரத்துல எடுத்து வச்சா, அதைச் செலவுல இருந்து கழிக்க மறக்காதீங்க.

தேங்காயும் அப்படியே. துருவினதும் அம்மிக்கோ மிக்ஸிக்கோ போறதுக்கு முன்னாடி எடை. 100 கிராம் தேங்காப்பூ 350லிருந்து 400 கலோரி வரைக்கும் வரும்.

"ஒரு கப்" சோறும் சந்தேகக் கேஸ். வெந்த சோறு 100 கிராம் 130 கலோரி. தளர்வா அள்ளின கப் 150 கிராம், அமுக்கி அள்ளினா 220. தட்டைத் தராசுல வச்சு பூஜ்யம் பண்ணிட்டுப் பரிமாறுங்க. ஆப்ல "அரிசி"ன்னு தேடினா பச்சையா இருக்கிற கணக்கும் வெந்த கணக்கும் கலந்து வரும். 100 கிராம் அரிசி வெந்தா 250–300 கிராம் சோறு, பழைய அரிசின்னா இன்னும் கூட. அதைக் குழப்பினா கணக்கு ரெண்டு மடங்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போயிரும்.

உடம்பு எடை: காலையில எழுந்து, பாத்ரூம் போய்ட்டு வந்து, தண்ணி குடிக்கறதுக்கு முன்னாடி, தினமும். ஒரு நாள் எண்ணைப் பார்த்துச் சந்தோசமும் வேண்டாம், துக்கமும் வேண்டாம். ஏழு நாள் சராசரியை மட்டும் போன வாரச் சராசரியோட ஒப்பிடுங்க. மாதவிடாய்க்கு முந்தின வாரத்துல ஒரு கிலோ, ஒண்ணரை கிலோ தண்ணி ஏறலாம். அதனால பெண்களுக்கு நாலு வாரம் முந்தின அதே வாரத்தோட ஒப்பிடறதுதான் நியாயம். தொப்புள் மட்டத்துல இடுப்பளவு வாரம் ஒரு தடவை. ரெண்டும் நாலு வாரம் நகரலைன்னாத்தான் தேக்கம்.

காலைப்பனி எழுதியது:

இவ்வளவு கணக்கெல்லாம் எதுக்குங்க? அரிசியை ஒட்டுக்கா நிறுத்துங்க. வெறும் வயித்துல கொள்ளுத் தண்ணி, தேன் எலுமிச்சை. 16 மணி நேரம் விரதம். ஒரே வாரத்துல ரெண்டு கிலோ காலி.

தராசுத்தட்டு எழுதியது:

ரெண்டு கிலோ காலியாகும், மறுக்கலை. ஆனா அது என்ன ரெண்டு கிலோ? கல்லீரல்லயும் தசையிலயும் சேர்ந்து 400–500 கிராம் மாவுச்சத்து கிளைகோஜனா இருப்பு இருக்கு. ஒரு கிராம் கிளைகோஜன் மூணு கிராம் தண்ணியைப் பிடிச்சு வச்சிருக்கும். அரிசியை நிறுத்தினா இருப்பு கரையும், தண்ணியும் போகும். ஒறம்பரை வீட்டுக் கல்யாணத்துல ஒரு பந்தி சாப்பிட்டா மக்காநாள் திரும்பி வந்துரும். விரதம் சிலருக்கு வசதி, ஏன்னா ஒரு வேளை குறையுது. மொத்தம் குறையலைன்னா 16 மணி நேரமும் வீண். தேன் 20 கிராம் 60 கலோரி. எலுமிச்சையோட சேர்ந்ததால அது கொழுப்பைக் கரைக்கற மருந்தா மாறிடாது.

அம்முச்சி_அடுப்படி எழுதியது:

அம்மிணி, தனியா ஆக்க வேண்டாமுங்க. ஒரே போசியில ஆக்கறதையே மாத்திப்போடலாம், வீட்டுல யாருக்கும் தெரியாது.

முதல்ல கொள்ளு நாயத்தை முடிச்சர்றேன். "இளைச்சவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு"ங்கறதை வச்சு எல்லாரும் ரசத்தைத்தான் குடிக்கறாங்க. வேகவச்ச தண்ணியில ருசி இருக்கு, கொழுப்பைக் கரைக்கற சங்கதி எதுவும் இல்லை. புரதமும் நாரும் அந்தக் கொள்ளுக்குள்ள இருக்கு, அதை மாட்டுக்குக் கொடுத்துட்டுத் தண்ணியைக் குடிச்சா எப்படி? 100 கிராம் கொள்ளுல 330 கலோரி, 21 கிராம் புரதம். ஆளுக்கு 40 கிராம்னு ராத்திரியே ஊறப்போட்டு, குக்கர்ல 6 விசில் விட்டு, தண்ணியை இறுத்து ரசத்துக்கு வச்சுக்கங்க. கொள்ளோட வரமிளகாய், சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம் வதக்கிச் சேர்த்துக் கடைஞ்சா கொள்ளுப்பருப்பு. ஊறாமப் போட்டா 10 விசிலுக்கும் தோல் விறைப்பாவே நிக்கும், வயித்துல காத்துப் பிடிக்கும். அப்புறம் கொள்ளு ஆகலீங்கன்னு சொல்லக்கூடாது.

அரிசிம்பருப்பு. வழக்கமா ஒரு ஆளுக்கு அரிசி 80 கிராம், பருப்பு 20, தாளிக்க எண்ணெய் 10, நெய் 10ன்னு போட்டா 525 கலோரி, புரதம் 10 கிராம். அதை அரிசி 50, துவரம்பருப்பு 40, எண்ணெய் 5, நெய் 5 ஆக்குங்க. 400 கலோரி, புரதம் 12. வட்டல்ல அளவு குறைஞ்ச மாதிரி தெரியாம இருக்க சின்ன வெங்காயமும் தக்காளியும் ரெட்டிப்பா போடோணும். பருப்பு கூடினா தண்ணியும் கூடோணும்: அரிசியும் பருப்பும் சேர்ந்து ஒரு டம்ளர்னா தண்ணி மூணரை டம்ளர். பழைய அளவுல ரெண்டரை ஊத்தினா அடி பிடிச்சுக்கும், மேல பருப்பு நறுக்கு நறுக்குன்னு நிக்கும். பருப்பை 20 நிமிசம் முன்னமே ஊறவச்சுருங்க. நெய்யைக் குக்கர்ல போடாதீங்க, வட்டல்ல சோத்து மேல ஒரு ஸ்பூன் விடுங்க. உள்ள போன 10 கிராமைவிட மேல விட்ட 5 கிராம்தான் மணக்கும்.

எண்ணெய் குறைச்சா கடுகு பொரியாது, கருகும்னு சொல்லுவாங்க. அகலச் சட்டியில ரெண்டு ஸ்பூன் எண்ணெய் பரவிப்போனா கடுகு வெறும் இரும்புல கிடந்து கருகத்தான் செய்யும். சட்டியைச் சாய்ச்சுப் பிடிங்க, எண்ணெய் ஒரு மூலையில கூடும், கடுகை அதுல போடுங்க. இல்லீனா தாளிப்புக் கரண்டி. வெங்காயத்துக்கு அப்பவே உப்புப் போட்டா தண்ணி விடும், அதுலயே வதங்கும். ஒட்டற மாதிரி இருந்தா எண்ணெய் ஊத்தாம ஒரு கை தண்ணி தெளிச்சு மூடி போடுங்க. நாலு பேர் பொரியலுக்கு ரெண்டு டீஸ்பூன் தாராளம்.

சிறுதானியம் கேட்டீங்க. கம்பும் ராகியும் அரிசியும் 100 கிராமுக்கு 320லிருந்து 360க்குள்ளதான் கலோரி. நார் கொஞ்சம் கூட, அதனால பசி தாங்கும். ஆனா ராகியைத் தோசையா வார்த்தா ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஸ்பூன் எண்ணெய் போகுது. அதே ராகி 60 கிராம் மாவுல களி கிண்டினா 200 கலோரி, எண்ணெயே இல்லை, கீரைக் கடைசலோட வயிறு கம்முனு இருக்கும். கம்பங்கூழ்னா 40 கிராம் மாவு, 140 கலோரி, மோரு ஊத்திக் கரைச்சா ஒரு சொம்பு நிறைய வருது. தானியம் மாறினதால வர்ற பலன் இல்லீங்க அது, தண்ணி கூடினதால வர்ற பலன்.

சந்தகைக்குத் தேங்காப்பாலும் சர்க்கரையும் நோம்பிக்கு வச்சுக்கங்க. மத்த நாள்ல பச்சைப்பயறுக் குழம்பு, முட்டைக் குழம்பு. நாட்டுச்சர்க்கரைன்னா கலோரி இல்லைன்னு நினைச்சுக்காதீங்க, வெள்ளைச் சர்க்கரைக்கும் அதுக்கும் அந்த விசயத்துல பெரிய வித்தியாசம் இல்லை.

ஞாயித்துக்கிழமைக் கோழியைப் பள்ளிபாளையம் வறுவலா பண்ணினா அரைக் கிலோவுக்கு அஞ்சு பெரிய ஸ்பூன் எண்ணெய் போகும். தோல் நீக்கின கறியா வாங்கி, ரெண்டு ஸ்பூன்ல வரமிளகாயும் சின்ன வெங்காயமும் வதக்கி, கறியைப் போட்டு மூடி வைங்க. கறி விடற தண்ணியிலயே வெந்துரும். கடைசியில மூடியைத் திறந்து அனலைக் கூட்டிச் சுண்ட வைங்க. தேங்காச் சில்லு ரெண்டு ஸ்பூன், அதுக்கு மேல வேண்டாம்.

படி_எண்ணி எழுதியது:

நடையை 90 நிமிடம் ஆக்குவதற்கு முன் அது என்ன தருகிறது என்று பாருங்கள். சும்மா இருந்தாலும் ஆகும் செலவைக் கழித்துவிட்டுப் பார்த்தால், சமதரையில் நடக்க ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் அரைக் கலோரி. உங்கள் 45 நிமிடம் 3.75 கி.மீ. என்றால் 130 கலோரி. வாட்ச் இதைவிட அதிகம் காட்டும்; உட்கார்ந்திருந்தாலும் ஆகியிருக்கும் செலவையும் அது சேர்த்துக்கொள்கிறது. கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதை ஒரு சுற்று இரண்டரை கி.மீ.; உங்களுக்கு 87 கலோரி. சுற்று முடித்துப் பேக்கரியில் ஒரு டீயும் ஒரு பப்ஸும் எடுத்தால் அது 350ஐத் தாண்டும்.

சென்னிமலையில் 1,320 படி. ஒரு படி 15 செ.மீ. என்று வைத்தால் 200 மீட்டர் ஏற்றம். 70 கிலோ உடம்பை அவ்வளவு தூரம் தூக்கத் தசைக்கு 130 கலோரி ஆகும். இதயத்துக்கும் தொடைக்கும் அருமையான பயிற்சி. எடைக்கணக்கில் ஒரு கை கடலைக்காயைவிடக் குறைவு. ஏறும்போது மூச்சு வாங்கும், முட்டியைச் சோதிப்பது இறக்கம். பழக்கமில்லாதவர்கள் ஏறிவிட்டு பஸ்ஸில் இறங்குவதில் வெட்கமில்லை.

45 நிமிட நடைக்குப் பின் மிச்ச நாள் எப்படிப் போகிறது என்பதுதான் கேள்வி. கலோரி குறைத்துச் சாப்பிடுகிறவர்கள் தங்களுக்கே தெரியாமல் அசைவைக் குறைத்துவிடுகிறார்கள்: லிஃப்ட், ஆபீஸில் நாற்காலியிலிருந்து எழுந்திருக்காமல் கூப்பிட்டுக் கேட்பது, வீட்டில் சோபா. போனைப் பாக்கெட்டில் போட்டு ஒரு வாரம் அடி எண்ணிக்கை எடுங்கள். காலை நடை 5,000 என்றால் மொத்தம் 6,200தான் வரும் என்று நினைக்கிறேன். அதை 8,500 ஆக்க இன்னொரு நடை வேண்டாம். மதியம் சாப்பிட்டதும் 10 நிமிடம், இரவு சாப்பிட்டதும் 10 நிமிடம், போன் பேசும்போது நின்றபடி. சேர்ந்து 60, 70 கலோரி வரும்; சாப்பாட்டுக்குப் பின் ஏறும் ரத்தச் சர்க்கரையையும் அது தணிக்கும்.

நீங்கள் எழுதியதில் இல்லவே இல்லாதது எடைப்பயிற்சி. தசைக்கு வேலை இல்லாமல் சாப்பாட்டை மட்டும் குறைத்தால் இறங்கும் எடையில் ஒரு பங்கு தசையாகப் போகும். வாரம் இரண்டு நாள், இடையில் இரண்டு நாள் இடைவெளி, 35 நிமிடம். ஜிம் வேண்டாம். ஒரு முதுகுப்பை, ஒரு கிலோ அரிசிப் பைகள் ஐந்து.

நாற்காலி முன் நின்று, பின்பக்கம் நாற்காலியைத் தொடும்வரை உட்கார்ந்து எழுவது. பையை மார்போடு அணைத்துப் பிடியுங்கள். முட்டி உள்பக்கம் மடங்கினால் எடை அதிகம் என்று அர்த்தம். அடுத்து, கட்டில் விளிம்பில் கை ஊன்றி புஷ்-அப். அது கடினமென்றால் சுவரில். பிறகு, ஒரு கையை மேசையில் ஊன்றிக் குனிந்து, மறுகையால் பையை இடுப்புக்கு இழுப்பது. முழங்கை உடம்பை உரசிப் போகட்டும். கடைசியாக, பையை இரு கையில் தொங்கவிட்டு, முதுகை நேராக வைத்து இடுப்பைப் பின்னுக்குத் தள்ளிக் குனிந்து நிமிர்வது. தொடையின் பின்பக்கம் இழுக்க வேண்டும்; இடுப்பெலும்புக்கு மேலே முதுகில் வலித்தால் முதுகு வளைகிறது, எடையைக் குறையுங்கள்.

ஒவ்வொன்றும் 3 சுற்று, சுற்றுக்கு 8 முதல் 12 தடவை, நடுவில் ஒன்றரை நிமிடம் ஓய்வு. இன்னும் இரண்டு தடவை முடியும் என்ற நிலையில் நிறுத்துங்கள். மூன்று சுற்றும் 12ஐத் தொட்டதும் ஒரு கிலோ சேர்த்து மறுபடி 8லிருந்து. அதே ஐந்து கிலோவை ஆறு மாதம் தூக்குகிறவர்கள்தான் பலன் இல்லை என்பார்கள்.

எச்சரிக்கை ஒன்று. ஆரம்பித்த முதல் இரண்டு வாரம் எடை அரை கிலோ, ஒரு கிலோ ஏறலாம். தசையில் நுண்காயம் ஆறத் தண்ணீர் சேர்வதால் வருவது. பெரும்பாலோர் இந்த இடத்தில் பயந்து விட்டுவிடுகிறார்கள். இடுப்பளவை நம்புங்கள்.

வார்டு_டியூட்டி எழுதியது:

அக்கா, ரெண்டு வருசம் முந்தின தைராய்டு ரிசல்ட்டை வச்சு ஓட்டாதீங்க. டிஎஸ்எச் (தைராய்டு டெஸ்ட்), ஹீமோகுளோபின், எச்பிஏ1சி (மூணு மாசச் சராசரிச் சர்க்கரை) மூணும் ஒரு தடவை பார்த்துடுங்க. மாதவிடாய் தள்ளிப்போகுது, முகத்துல முடி வருதுன்னா பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சனை) பத்தி டாக்டர்கிட்ட கேளுங்க. ஸ்டீராய்டு, சில மனநல மாத்திரை, இன்சுலின் இதெல்லாம் எடையைப் பிடிச்சு வைக்கும். அதுக்காக நீங்களா எதையும் நிறுத்தக்கூடாது.

இதைப் படிக்கிற சர்க்கரைக்காரங்களுக்கு: இன்சுலினோ கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ எடுக்கறவங்க சோத்தைத் திடீர்னு பாதியாக்கினா லோ சுகர்ல விழுவாங்க. மருந்தளவை முதல்ல டாக்டர் மாத்தித் தரணும். கிட்னி பாதிப்பு இருக்கறவங்க புரதத்தைக் கூட்டறதும் கேட்டுத்தான்.

1,000 கலோரிக்குப் போனா என்ன ஆகும்னா, ரெண்டு மூணு மாசம் கழிச்சு முடி கொத்துக்கொத்தா கொட்டும், அப்ப காரணம் மறந்துபோய் ஷாம்பூ மாத்திட்டு இருப்பாங்க. வேகமா இறங்கினா பித்தப்பைக் கல்லும் வரலாம். பெண்கள் மேற்பார்வை இல்லாம 1,200க்குக் கீழே போகாம இருக்கறது நல்லது.

எவ்வளவு குறைக்கணும்கறதுக்கும் ஒரு அளவு சொல்றேன். நம்ம நாட்டவங்களுக்கு பிஎம்ஐ (எடையை உயரத்தோட ஒப்பிடற அளவு) 23லயே அதிக எடை, 25ல உடல் பருமன். இடுப்பு பெண்ணுக்கு 80 செ.மீ., ஆணுக்கு 90. உங்களுக்கு இப்ப பிஎம்ஐ 27.8. 62 கிலோ வந்தா 25க்குள்ள வந்துருவீங்க. அவசரம் இல்லை.

தூக்கத்தையும் எழுதலை நீங்க. ஷிப்மென்ட் நேரத்துல அஞ்சு மணி நேரம் தூங்கினா மக்காநாள் டீயும் பன்னும் கை தானா தேடும்.

ஊத்துக்குளி_ரோடு (மூணு வாரம் கழிச்சு):

எல்லாருக்கும் நன்றிங்க. மொத வாரம் எதையும் மாத்தாம அளந்தேன். தூக்கும் நெய்யும் சேர்ந்து 4,310 கிராம், அடுத்த ஞாயிறு 3,480. 830 போயிருக்கு, ஆளுக்கு நாளுக்கு 29.6 கிராம், 266 கலோரி. ஆப்ல நான் போட்டது 90. தேங்கா வாரத்துக்கு 1,050 கிராம், ஆளுக்கு 37. சுமார் 140 கலோரி, ஆப்ல 50. "ஒரு கை" கடலைக்காய் தோல் நீக்கி 48 கிராம் இருந்துச்சுங்க, 270 கலோரி, நான் போட்டது 160. டீக்கு ஆரஞ்சு பாக்கெட் பால் 80 மில்லி, சர்க்கரை ரெண்டு ஸ்பூன்: 110. ஆப்ல 40, அதுவும் ரெண்டு டீ. ஆக 1,200ங்கறது 1,700க்குப் பக்கம். சராசரி எடை மூணு வாரமும் 69.7, 69.6, 69.6. டிஎஸ்எச் சரியா இருக்கு. அடி எண்ணிக்கை 6,400, சொன்னபடியே. இப்ப எதைக் குறைக்கட்டுமுங்க?

தராசுத்தட்டு எழுதியது:

அருமையா அளந்திருக்கீங்க. எண்ணெயை நாலா வகுத்தது தோராயம்தான், பெரியவங்க குழந்தைங்க ஒரே அளவு சாப்பிடறதில்லை, பரவாயில்லை. 1,700 சாப்பிட்டு எடை அசையலைன்னா உங்க தினச் செலவு 1,700. சூத்திரம் 1,860ன்னு சொன்னது, அதைத் தூக்கிப் போடுங்க. உங்க எண்ணெய்த் தூக்கு சொன்னதுதான் சரி.

இலக்கு 1,400. சோத்துல கை வைக்க வேண்டாம். எண்ணெய், நெய் வாரத்துக்கு 830லிருந்து 500 கிராம்: ஆளுக்கு 105 கலோரி மிச்சம். தேங்கா பாதி, சட்னியில மீதிக்குப் பொட்டுக்கடலையை அள்ளிப் போட்டா மிச்சம் போச்சு, அதுக்குப் பதிலா தக்காளி, வெங்காயம், புதினா. 65 மிச்சம். கடலைக்காய் 20 கிராம், எண்ணி எடுத்து டப்பால போட்டுட்டு மூட்டையைக் கட்டிடுங்க: 155. டீக்குக் கொழுப்பு குறைஞ்ச நீலப் பாக்கெட் பால், சர்க்கரை ஒரு ஸ்பூன்: ரெண்டு டீக்கும் 80. மொத்தம் 400. அதுல 100ஐத் திருப்பிப் புரதத்துல போடுங்க: காலையில ஒரு அவிச்ச முட்டை, மோரைக் கொஞ்சம் கெட்டியா.

புரதம் நாளுக்கு 80லிருந்து 90 கிராம் நோக்கிப் போகணும். ஐசிஎம்ஆர் 2020ல சொன்னது ஒரு கிலோவுக்கு 0.83 கிராம், அது எடை குறைக்காத ஆரோக்கியமான ஆளுக்கு. குறைக்கும்போது 1.2, 1.3 நல்லது. இட்லி மூணுல 6, முட்டை 6, கொள்ளோ துவரம்பருப்போ 40 கிராம் 8, தயிர் 200 கிராம் 6. இதைக் கூட்டினா 30 கூடத் தாண்டலைன்னு தெரியும். மீல் மேக்கர் காய்ஞ்சது 30 கிராம் குழம்புல போட்டா ஒரே அடியா 15. கோழி தோல் இல்லாம 100 கிராம்னா 22. வாரத்துல ஒரு நாளைக்கு மட்டும் இருக்கிற கோழியை மூணு நாளாப் பிரிங்க, கலோரி ஏறாது. ஒரே வாரத்துல 80 வராது, ஒரு மாசத்துல வரட்டும்.

300 துண்டும், அடி கூடறதுல 60ம். வாரம் 330 கிராம் இறங்கணும். நாலு வாரச் சராசரியில ஒரு கிலோ வந்தாலே திட்டம் ஓடுதுன்னு அர்த்தம். வரலைன்னா மறுபடி ஒரு வாரம் எண்ணெய்த் தூக்கை எடை போடுங்க; அங்கதான் முதல்ல நழுவும்.

மூணு மாசம் ஓடினப்புறம் சலிப்பு வந்தா ரெண்டு வாரம் 1,650க்கு ஏத்தி நிறுத்துங்க. 2017ல ஆஸ்திரேலியாவுல 51 ஆண்களை வச்சுப் பார்த்தாங்க: ரெண்டு வாரம் குறைச்சு ரெண்டு வாரம் நிறுத்தினவங்க, விடாம குறைச்சவங்களைவிட அதிகம் இறங்கினாங்க. ஆய்வுக்குள்ள இடைவேளையிலயும் சாப்பாடு அளந்து கொடுத்ததுங்கறதை மறக்க வேண்டாம். நம்ம ஊர்ல இடைவேளைன்னா நோம்பியாயிரும்.

காலைப்பனி எழுதியது:

சரி ஒத்துக்கறேன். அந்தத் தராசு எந்த மாதிரி வாங்கணும்? கடையில 300 ரூபாயில இருந்து இருக்கு.

தராசுத்தட்டு எழுதியது:

5 கிலோ தாங்கற, ஒரு கிராம் காட்டற, பூஜ்யம் பண்ற பட்டன் இருக்கறது எதுவா இருந்தாலும் போதும். வாங்கின அன்னைக்கே ஒரு வெறும் பாத்திரத்தை வச்சு பூஜ்யம் பண்ணி, அளந்த அரை லிட்டர் தண்ணி ஊத்துங்க. 500க்கு அஞ்சு கிராம் முன்னப்பின்ன காட்டினா நல்ல தராசு. அதிகம் தப்பினா, பேட்டரி மாத்திப் பார்த்துட்டு, மேடை சமமா இருக்கான்னு பாருங்க. கல்மேடையில வைங்க, துணி விரிச்சு அதுமேல வைக்காதீங்க. அம்மிணிக்கு ஒரு விசயம்: தூக்கு நிரம்பி 5 கிலோ தாண்டினா தராசு பிழைன்னு காட்டும், ரெண்டு பாத்திரமா பிரிச்சு எடை போடுங்க.